மேற்கே விழுந்த நிழல்

வரைபடத்தில் ஒரு நிழல் கூடுதலாகக் கிடந்தது.

மை சிந்திய கறை என்றுதான் ஸ்ரெல்லா முதலில் நினைத்தாள். காலை வெயில் யன்னல் கம்பிகளுக்கிடையால் புகுந்து, சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த, ஊடுதெரியும் ரேசிங் தாளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. தாளின் மூலைகளில் பாரத்துக்கு வைத்த செபப்புத்தகமும் உப்புப் போத்தலும் கல்லுகளும் முதல்நாள் பின்னேரம் வைத்தபடியே இருந்தன. பூனை ஏறின தடமோ, மைக்கூடு சரிந்த அடையாளமோ இல்லை. மாமரத்துக்கு அவள் நிழல் கீறியிருந்தாள். தென்னைகளுக்கும் கிணற்றுத் துலாக்காலுக்கும் மதிலுக்கும் கீறியிருந்தாள். அவை எல்லாம் பின்னேர வெயிலில் விழுவதுபோல ஒழுங்காகக் கிழக்கே சாய்ந்து கிடந்தன. கிணற்றடி மூலையில், வெறும் மணல் என்று அவள் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில், ஒரு கறுப்புத் துண்டு மட்டும் மேற்கே சாய்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தாள். கறையென்றால் ஓரம் பிசிறியிருக்கும். இது மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கி, அவள் நிழல் போடும் அதே கைவாகில் போடப்பட்டிருந்தது.

போட்டது அவள் இல்லை.

மேலிருந்து பார்ப்பதாகக் கீறும் படத்தில் மரம் என்பது ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அது வானுயரப் பனையா, முழங்கால் உயரச் செவ்வரத்தைச் செடியா என்பதை நிழல்தான் சொல்லும். உயரமுள்ள எதற்கும் நிழல் வேண்டும், நிழல் கிடக்கும் இடத்தில் அதை விழுத்துகிற பொருள் ஒன்று நிற்க வேண்டும் என்பது முதலாம் வருடத்திலேயே தலையில் குட்டிக் குட்டி ஏற்றிய பாடம். பொருளில்லாத நிழலைக் கண்டால் அவளுடைய பேராசிரியர் சிவப்புப் பேனையால் சுழித்துவிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார்.

அந்தப் பேராசிரியருக்காகத்தான் இந்தப் படமே. கொழும்பில் ஸ்ரெல்லா படித்தது வளவையும் வீதியையும் பூங்காவையும் வடிவமைக்கிற படிப்பு. மயிலிட்டியில் சொன்னால் சிரிப்பார்கள். கடற்கரைச் சனத்துக்குப் பூங்கா எதற்கு? இருந்தாலும் அவள் படித்தாள். தென்கரை விடுதி ஒன்றின் நீச்சல் குளத்துக்கு நிழல்மரம் வைத்தாள். காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டை வெட்டிப் பச்சை பூசி, மாதிரிப் பூங்காவுக்குள் குட்டி மரங்களாக நட்டாள். பூக்களை நீர்வர்ணத்தில் தீட்டினாள். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாத விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள், சண்டை தொடங்கிற்று, பாதை பூட்டுப்பட்டது. ஊர் எழும்பி ஓடியபோது அம்மா தைலாப்பெட்டியைத் தூக்கினாள், அண்ணை கயிற்றைத் தூக்கினான், அவளுடைய படச்சுருள்கள் பரணிலேயே கிடந்தன. அதற்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் அவள் செய்த பெரிய வடிவமைப்பு, அகதி முகாமான ஒரு பள்ளிக்கூடத்தில் மலக்குழிகளைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டலாம் என்று கீறிக் கொடுத்ததுதான். அதற்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

இப்போது அந்தப் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: உனக்குத் தெரிந்த ஒரு வளவை அளந்து, முழுப் படமாகக் கீறி எடுத்துக்கொண்டு வா, இறுதி வருடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். அவளுக்குத் தெரிந்த வளவு மயிலிட்டியில் ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் கிடக்கிறது. ஆகவே அவர்கள் ஒதுங்கியிருந்த இந்த மானிப்பாய் வீட்டின் வளவை அளந்தாள். வீட்டுக்காரர் ஆழ்வாப்பிள்ளை என்று ஒருவர். ஆள் இல்லை, பிள்ளைகள் கனடாவில் என்பதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியாது. படம் கையில் இருந்தால் அவள் வெளியே போகலாம். இல்லாவிட்டால் இங்கேயே இருந்து மலக்குழி கீறலாம்.

ரேசிங் தாள் அந்த ஒன்றுதான். வேறு ஒன்றை யாழ்ப்பாணம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடியும் காணவில்லை.

ரேசிங் தாளில் விழுந்த மைக்கு இறப்பர் உதவாது. சவர பிளேட்டைச் சரித்துப் பிடித்து, மூச்சை அடக்கி, தாளின் மேல்தோலோடு மெதுவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். கறுப்புத் தூள் எழும்பிற்று. ஊதிவிட்டாள். அந்தத் தூள் உதட்டில் பட்டபோது வெயிலில் காய்ந்த மணலின் ருசி இருந்தது.

"உதென்ன, விடியக் காலமை தாளைச் சவரம் பண்ணுறாய்?"

அண்ணை. கனிசியஸ் மயிலிட்டியில் சங்கு குளித்தவன்; கடல் தடைப்பட்ட பிறகு சைக்கிளில் விறகு கட்டி விற்கிறான். தோள் மட்டும் இன்னும் குளியாளின் தோளாகவே இருந்தது.

"மை கொட்டுப்பட்டிட்டுது அண்ணை."

"அளவெல்லாம் சரிதானே? என்ரை கயிறு பிழைக்காது."

அளவு நாடா கிடைக்காதபடியால் வளவை அவனுடைய குளிக்கயிற்றால்தான் அளந்தார்கள். பாகத்துக்கு, அதாவது விரித்த இரண்டு கை நீளத்துக்கு, ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. ஒரு நுனியை இவள் பிடிக்க, மறுநுனியோடு அவன் மரம் மரமாக ஓடினான். கடலில் அந்தக் கயிற்றுக்குத் தனிப் பாஷை இருந்தது: கீழே இருப்பவன் ஒருமுறை இழுத்தால் இருக்கிறேன் என்று அர்த்தம், இரண்டுமுறை இழுத்தால் என்னைத் தூக்கு என்று அர்த்தம். இரண்டாவது இழுப்பு வந்த பிறகு மேலே நிற்பவன் யோசிக்கக்கூடாது என்பது அப்பா சொல்லித் தந்தது. வளவு அளந்த அன்று கனிசியஸ் மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டுமுறை இழுத்து, "தூக்கு பிள்ளை, மூச்சு முட்டுது" என்று கத்தினான். அவள் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வயிறு நோகச் சிரித்தாள்.

"உன்ரை பாஸுக்கு நேற்று பிணைக் கையெழுத்து வைச்சிட்டன்," என்றான் அவன், தேநீரை ஊதியபடி. "நாளைக்குப் பின்னேரம் கிளாலிக்கு, வள்ளத்துறைக்கு, வான் வெளிக்கிடுது. நீ திரும்பி வராட்டி என்னைத்தான் கேப்பினம். நீ வாற வரைக்கும் நான் ஒரு இடமும் அசையேலாது."

"நான் வருவன் அண்ணை."

"ஓம், ஓம்," என்றான். அவன் சிரித்த விதத்தில், அவள் வரமாட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. வெளியே போகப் பாஸ் கேட்கிற எல்லோரும் யாரோ ஒருவரை இங்கே வைத்துவிட்டுத்தான் போனார்கள். ஸ்ரெல்லாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் போகமாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு இருக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தாளைத் துணியால் மூடிவிட்டுப் போனாள். திரும்பி வந்து துணியை எடுத்தபோது நிழல் மறுபடியும் கிடந்தது. சுரண்டின இடத்தில், தாளின் தோல் மெலிந்து பொருக்கு வெடித்த அதே இடத்தில். இந்தமுறை அதன் தலைப்பக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது, கவர் விட்ட கிளைபோல.

அளவுகோலை வைத்துப் பார்த்தாள். அவள் படத்தில் நிழலின் நீளமும் பொருளின் உயரமும் ஒன்று. கவர் பிரிகிற இடம்வரை அளந்தாள். ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கவரோடு சேர்த்தால் ஆள் கையை உயர்த்தினால் வரும் அளவு.

கிணற்றடி மூலைக்குப் போனாள். வளவின் கிழக்குக் கரையில், துலாக்காலுக்கு அப்பால், கிடுகுவேலியும் மதிலும் சந்திக்கிற இடம் அது. கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் அருகிலேயே போயிற்று. வாய்க்கால் கரை நெடுக வல்லாரையும் புல்லும் மண்டிக் கிடந்தன, மூலைக்கு வந்ததும் யாரோ கோடு போட்டு நிறுத்தினதுபோல நின்றுவிட்டன. அதற்குள் வெறும் மணல். அளக்கிற அன்றும் இதைக் கண்டாள். நிலம் சரியில்லை என்று மட்டும் குறித்துக்கொண்டாள். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வைத்தாள். மாமர நிழல் மேலே விழுந்திருந்தும் மணல் சுட்டது. தொண்டை வறண்டது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, யாரோ உள்ளே துணி போட்டு ஒற்றி எடுத்ததுபோல ஒரேயடியாக. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

துலாவை இழுத்து வாளியில் வாய் வைத்துக் குடித்தாள். வயிறு நிரம்பிற்று. தாகம் போகவில்லை.

மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் அவள் வெளிச்சம் உள்ள மட்டும்தான் வேலை செய்வாள். பொழுது சாய்ந்து, தாளின் வெள்ளை மங்கலாகி, கோடுகள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கிய நேரத்தில், அவள் மரங்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். குசினியில் அம்மா மக்டலீன் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது, ஒழுங்கையில் ஒரு சைக்கிள் செயின்கவர் கடகடத்தபடி போயிற்று, தூரத்தில், பலாலிப் பக்கம், வழமையான குண்டுச் சத்தம் ஒன்று அதிர்ந்து அடங்கிற்று. எல்லாம் அடங்கினபோது அவளுக்குப் பின்னால் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

விழுங்க எச்சில் இல்லாமல் விழுங்கினார்கள். தொண்டைக்குள் தோலும் தோலும் உரசுகிற சத்தம். வெயிலில் கிடந்த மனிதனின் வியர்வை மணம், கிட்டத்தில்.

திரும்பினாள். திறந்த கதவுக்கு வெளியே விறாந்தை, அதற்கப்பால் வளவு, அதற்கப்பால் இருட்டத் தொடங்கிய மூலை. ஆள் இல்லை.

"அம்மா, ஏதும் சத்தம் கேட்டதோ?"

"தண்ணி விடாய்க்குது," என்றாள் அம்மா துருவலை நிறுத்தாமல். "என்னவோ தெரியேல்லை, இரண்டு பேணி குடிச்சிட்டன், அடங்குதில்லை."

அன்று அவள் உறங்கவில்லை.

விடிந்ததும் வேலியடிக்குப் போனாள். பக்கத்து வீட்டு ஞானாம்பிகையிடம்தான் இந்த வீட்டுப் பூட்டின் திறப்பு இருந்தது. இடம்பெயர்ந்து வந்த அன்று திறப்பைக் கொடுத்த கையோடு, கிணற்றில் அள்ளுவதற்கு உங்கள் வாளியையே பாவியுங்கோ என்று சொன்னவள். கடற்கரைச் சனம் தொட்ட வாளி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்ல மனுசிதான், இந்த ஊரின் கணக்குக்கு.

"அக்கா, உந்தக் கிணத்தடி மூலையிலை முந்தி ஏதும் மரம் நிண்டதோ?"

கிடுகு இடுக்கால் ஞானாம்பிகையின் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது கொஞ்ச நேரம் இமைக்கவில்லை.

"ஏன் கேக்கிறீர்?"

"படத்துக்கு."

"மரம் நிக்கேல்லை. ஆழ்வாப்பிள்ளையர் நிண்டவர்."

ஸ்ரெல்லா வேலிக்கு இன்னும் கிட்டப் போனாள்.

"ஆமி வந்து வீடு சோதிச்சவங்கள். எந்த ஆமி எண்டு கேளாதையும், எல்லாம் ஒண்டுதான். விடியக் காலமை அவரைக் கொண்டந்து உதிலை விட்டு, கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நில் எண்டவங்கள். தாங்கள் விறாந்தையிலை இருந்து சீட்டு விளையாடினாங்கள். அவர் தூக்கின கை தூக்கினபடி நிண்டார். பின்னேரமாகியும் நிண்டார்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

"இந்த இடத்திலை நிண்டுதான். நானும், இவரும், அங்காலை வீட்டுக்காரரும்."

"தண்ணி?"

"அவர் கேக்கேல்லை. விழுங்கிற சத்தம்தான் கேட்டது. இஞ்சை வரைக்கும் கேட்டது." கண் கிணற்றுப் பக்கம் போய்த் திரும்பிற்று. "ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது பிள்ளை? ஆருக்கு ரெண்டு உயிர் இருக்கு?"

"பிறகு?"

"அடுப்பைப் பாத்திட்டு வந்தன். ஆளைக் காணேல்லை. கொண்டு போனாங்களோ, என்னவோ. ஒருத்தரும் காணேல்லை." ஞானாம்பிகை வேலியை விட்டு விலகப் போனவள் நின்றாள். "உமக்கேன் உந்தக் கதையள்? நீர் போற ஆள்தானே."

அந்தக் கடைசிச் சொல் ஸ்ரெல்லாவைக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஊரே வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றதாம், தண்ணீர்க் கிணறு பத்தடியில் இருந்ததாம், இவர்கள்தான் வாளித் தீட்டுப் பார்க்கிறார்கள். கோபத்தோடு மேசைக்கு வந்தாள். கோபம் இருக்கும்போது பயம் கொஞ்சம் விலகியிருந்தது.

நிழலின் கவர் இன்னும் விரிந்திருந்தது. ஒவ்வொரு நுனியிலும் விரல்கள்போலச் சிறு பிசிறுகள்.

பிளேட்டை எடுத்தாள். அந்த இடத்தில் தாள் வெங்காயச் சருகாக மெலிந்திருந்தது. மேசையின் மரவரி அதனூடாகத் தெரிந்தது. இன்னொருமுறை சுரண்டினால் கிழியும். கிழிந்தால் போக்கு இல்லை. நிழலை அப்படியே விட்டால் சிவப்புச் சுழி, கேள்விக்குறி, இதென்ன என்று ஒரு கேள்வி. அதற்கு அவள் என்ன சொல்வாள்? தாகத்தில் நின்ற ஒரு கிழவர் என்றா?

கீறிப் பழகினவர்களுக்கு மட்டும் வருகிற யோசனை ஒன்று அப்போது அவளுக்கு வந்தது. நிழலை அழிக்க முடியாவிட்டால் அதற்கு ஒரு பொருளைக் கொடுத்துவிடலாம். பொருள் நின்றால் நிழல் பிழையில்லை. திசை மாறிக் கிடக்கிறதே என்று கேட்டால் கை தவறிவிட்டது என்று தலையைச் சொறியலாம். அதற்குப் பரீட்சைப் புள்ளி இரண்டுதான் குறையும்.

வரைபேனையை மையில் நனைத்தாள். நிழலின் அடியில் ஒரு வட்டம் போட்டாள். நடுவில் ஒரு புள்ளி. பக்கத்தில் சிறிய எழுத்தில் முருங்கை என்று எழுதினாள்.

வீடு அமைதியாயிற்று. அதுவரை ஏதோ ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது என்பது, அது நின்றபோதுதான் தெரிந்தது. தொண்டை ஈரமாயிற்று. ஒரு பேணி தண்ணீர் குடித்தாள், தாகம் அடங்கிற்று. குசினியிலிருந்து அம்மா ஏதோ தேவமாதா பாட்டை முணுமுணுப்பது கேட்டது. ஸ்ரெல்லா தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தாள்: நல்ல படம். மரங்கள், மதில், கிணறு, எல்லாவற்றுக்கும் நிழல், எல்லா நிழலுக்கும் பொருள். அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. புதிதாக வைத்த முருங்கைக்கு அளவு இல்லை. விறாந்தைத் தூணிலிருந்து ஒவ்வொரு மரமும் எவ்வளவு தூரம் என்று கோடு இழுத்து எழுதியிருந்தாள். இதற்கு மட்டும் அந்தக் கோடு இல்லாமல் வட்டம் மொட்டையாக நின்றது. குத்துமதிப்பாக எழுதலாம். எழுதியிருக்கலாம். பேராசிரியர் கூட்டிப் பார்ப்பார் என்ற பயம் விடவில்லை.

பின்னேரம், உடுப்புப் பை கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. வெயில் வீட்டுக்குப் பின்னால் மேற்கே இறங்கியிருந்தது. வீட்டின் நிழல் பாதி வளவுக்குக் கிழக்கே நீண்டு கிடக்க, அதற்கப்பால் கிணறும் மூலையும் மஞ்சள் வெயிலில் நின்றன. ஸ்ரெல்லா படத்தைப் பலகையோடும் பேனை பிளேட்டோடும் விறாந்தை மேசைக்குக் கொண்டு வந்தாள்.

"அண்ணை, கயித்தைப் பிடிச்சுக்கொண்டு அந்த மூலையிலை ஒருக்கா நிக்கிறியோ? ஒரே ஒரு அளவு."

தான் போய் நிற்க அவளுக்குத் துணிவில்லை. அண்ணையை அனுப்ப இருந்தது. ஞானாம்பிகை சொன்னதை அவனுக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் போகமாட்டானோ என்று நினைத்தாள். பட்டப்பகல், அடங்கியும் விட்டது, அண்ணை ஒரு மலைபோல ஆள்.

"போறதுக்குள்ளை எத்தினை தரம் அளப்பாய்," என்றபடி அவன் கயிற்று நுனியோடு நடந்தான். கிணற்றைத் தாண்டினான். வாய்க்காலைத் தாண்டினான். புல் முடிகிற இடத்தில் நின்று திரும்பினான்.

"இதிலையோ?"

"இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு."

ஒரு அடி வைத்தான்.

"ஓம், அதிலைதான். அசையாமல் நில்."

அவன் அசையாமல் நின்றான்.

அவள் தூணோடு கயிற்றை இழுத்துப் பிடித்து முடிச்சுகளை எண்ணினாள். கோடு இழுத்தாள். எழுதினாள். எழுத்துக் காய ஊதினாள்.

"காணும் அண்ணை, விடு."

கயிறு தளரவில்லை.

"அண்ணை, விடு. முடிஞ்சுது."

கயிறு அவள் கைக்குள் மெல்ல மேலே ஏறிற்று. நிமிர்ந்து பார்த்தாள். கனிசியஸ் கயிறு பிடித்த கையை உயர்த்திக்கொண்டிருந்தான். மற்றக் கையும் எழும்பிற்று. இரண்டும் தலைக்குமேல் போய் நின்றன. முகம் இவளைப் பார்த்தபடி இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. உதடு வெடித்துப் பொருக்காகியிருந்தது, பல நாள் வெயிலில் நின்றவனுடையதுபோல.

"அண்ணை, விளையாடாதை."

அவன் விழுங்கினான். இவ்வளவு தூரத்துக்குக் கேட்டது.

தென்னைகளின் நிழல் கிழக்கே விழுந்தது. துலாக்காலின் நிழல் கிழக்கே விழுந்தது. அவனுடைய நிழல் மேற்கே. வெயிலை நோக்கி. அவளை நோக்கி. மணலில் நீளமாக, கவர் விட்டு.

கயிற்றை இடது கையில் சுற்றியபடி, விறாந்தைக் குடத்திலிருந்து பேணியில் தண்ணீர் எடுத்தாள். பாதி சிந்திற்று. படியில் ஒரு காலை இறக்கினாள். அடுத்த கால் வரவில்லை. போ, போ என்று தனக்கே சொன்னாள். வரவில்லை. வேலியில் ஒரு கண் தெரிந்தது. இமைக்காமல்.

வட்டம்.

அவள்தான் போட்டாள். நிற்க இடம் கொடுத்தது அவள்தான்.

பிளேட் மேசையில் இருந்தது. எடுத்தாள். வட்டத்தைச் சுரண்டினால் அண்ணை வருவான். சுரண்டினால் தாள் கிழியும். கிழிந்தால் போக்கு இல்லை. அவள் தாளைப் பார்த்தாள். அண்ணையைப் பார்த்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூலையில் விழுங்குகிற சத்தம் மெலிந்துகொண்டு போயிற்று.

சுரண்டினாள்.

வட்டம் வந்தது. புள்ளி வந்தது. முருங்கை என்ற எழுத்து வந்தது. மை பொடியாக, லேசாக, இதுவரை ஒருநாளும் இல்லாத சுகத்தோடு எழும்பிற்று. தாள் கிழியவில்லை. கிழியவில்லை என்று கண்டதும் அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பிற்று, முதலில் எழும்பினது அதுதான்.

நிமிர்ந்தாள்.

மூலையில் அண்ணை இல்லை.

நிழல் கிடந்தது. வெறும் மணலில், மேற்கே, கையைத் தூக்கினபடி. தாளிலும் கிடந்தது.

"கனிசியஸ், தேத்தண்ணி ஆறுது," என்று குசினிக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

ஒழுங்கை முடக்கில் வான் ஹோன் அடித்தது. பெற்றோலுக்குப் பதிலாக அதற்கு ஊற்றிய மண்ணெண்ணெயின் புகை மணம் வளவுக்குள் வந்தது. வேலியில் இருந்த கண் போய்விட்டது.

அவள் கையில் கயிறு இன்னும் இருந்தது. அது தூணிலிருந்து போய், கிணற்றைத் தாண்டி, வெறும் மணலுக்குமேல் ஒரு ஆள் கையை உயர்த்துகிற உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது. நிலத்தில் விழவில்லை. விறைப்பாக நின்றது.

இரண்டு முறை இழுபட்டது.

கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, மறுபடியும் இரண்டு முறை.